குடிநோய்ச் சிகிச்சையும் கையிலிருந்த காப்பீட்டு அட்டையும்

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு விடியற்காலை, என் தம்பி காபி டம்ளரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து உதட்டருகே கொண்டுபோக முயன்றான். பாதிக் காபி சட்டையில் சிந்தியது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "அக்கா, என்னால முடியலக்கா, எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றான். பதினொரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எல்லோரும் காத்திருந்த சொல் அது. அந்தச் சொல் வந்த வேளையில் எங்கே அழைத்துப் போவது என்பது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனையில் குடிநோய்க்கு வைத்தியம் செய்கிறார்கள், அலமாரியில் இருந்த காப்பீட்டு அட்டையை அங்கே ஏற்பார்களா, எத்தனை நாள் சேர்க்க வேண்டியிருக்கும், எவ்வளவு செலவாகும் என்ற எதற்கும் என்னிடம் விடை இல்லை. அதன் பிறகு வந்த மாதங்களில் அலைந்தும் படித்தும் சண்டையிட்டும் நான் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இன்று காலை எழுந்திருக்கக்கூடிய இன்னொரு அக்காவுக்காகவோ மனைவிக்காகவோ எழுதி வைக்கிறேன்.

தம்பி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டும் டர்னராக இருக்கிறான். சம்பளம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டியபோது இஎஸ்ஐ நின்றுபோனது. அப்போதுதான் அவனுக்கும் அவன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு குடும்ப பாலிசி எடுத்தோம். ஆறு ஆண்டுகளாகப் பிரீமியத்தை நான்தான் கட்டி வருகிறேன். விண்ணப்பப் படிவத்தில் 'மது அருந்தும் பழக்கம் உண்டா' என்ற கேள்விக்கு எதிரே முகவர் 'இல்லை' என்று குறித்திருந்தார். தம்பி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு டிக் குறி பின்னாளில் எத்தனை இரவுகள் என் தூக்கத்தைக் கெடுத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று காலை நான் செய்த முதல் நல்ல காரியம் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்ததுதான். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசினார்கள். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது என்பதை அவர்கள்தான் சொன்னார்கள். எதிர்முனையில் பேசிய பெண் முதலில் கேட்டது, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்பது. முந்தைய இரவு பத்து மணி என்றேன். இதற்கு முன் குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாத ஆட்களோடு பேசினாரா என்று அடுத்தடுத்துக் கேட்டார். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் அதைத் தாங்காமல் வலிப்போ சித்தப்பிரமையோ வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே வீட்டில் அறையைப் பூட்டி வைத்து நிறுத்த முயலாதீர்கள், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள் என்று நிதானமாகச் சொன்னார். எங்கள் சித்தப்பா அப்படித்தான் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் சித்தப்பா சொன்னபடியே செய்திருப்போம்.

வில்லிவாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில், மனநலப் பிரிவு உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்ததுதான் காரணம். தரைத்தளத்தில் இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த இளம்பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், என்ன பிரச்சினைன்னு அட்மிஷன்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அப்படிப் போட்டா அப்ரூவல் வராது மேடம். காய்ச்சல், வாந்தி, நீர்ச்சத்துக் குறைவுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா வந்துடும்" என்றார். அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் அதைச் சொன்னார். நானும் அந்த நேரத்தில் அதையே பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போய்க் கேட்டேன்.

அந்த மருத்துவர் கோபப்படவில்லை. தம்பியின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லி, விரல் நுனிகள் நடுங்குவதை என்னையே பார்க்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "நான் காய்ச்சல்னு எழுதினா, ராத்திரி டியூட்டிக்கு வர்ற நர்ஸ் காய்ச்சலைத்தான் பார்ப்பாங்க அம்மா. வலிப்பு வரும்னு எதிர்பார்த்து யாரும் பக்கத்துல நிக்க மாட்டாங்க. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி இவருக்குத் தயாமின் போடணும். அது எதுக்குன்னு கேஸ் ஷீட்ல காரணம் வேணும்." தயாமின் என்பது வைட்டமின் பி1. நெடுநாள் குடித்தவர்களின் உடலில் அது வற்றிப்போயிருக்கும், அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்பதை அவர் அப்போதுதான் விளக்கினார். அவர் எழுதியது எஃப் 10 என்று தொடங்கும் குறியீடு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளுக்கான எண் அது. உண்மையை எழுதிய அந்தத் தாளால் எங்களுக்குப் பணம் போனது, தம்பிக்கு உயிர் தங்கியது. அவர் எழுதியதே சரி என்று இன்றும் நம்புகிறேன்.

நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் தருவதற்கான கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் விதித்திருக்கிறது. பதில் அந்த நேரத்துக்குள் வந்தது. மறுப்பு. ஒரே வரி. மதுப்பழக்கம், போதைப்பொருள் பயன்பாடு அல்லது எந்த அடிமைப் பழக்கத்துக்கான சிகிச்சையும், அவற்றின் விளைவுகளும் பாலிசியில் அடங்காது, விலக்கு எண் 12. நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினோம்.

அந்த 12 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் விஷயம் விளங்கியது. 2019 செப்டம்பரில் ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக விலக்குகளின் வாசகத்தை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது. அதனால் எந்த நிறுவனத்தின் பாலிசிப் புத்தகத்தை எடுத்தாலும் இந்த விலக்கு அதே எண்ணில், ஏறக்குறைய அதே வாசகத்தில் இருக்கும். விலக்கு வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம் இந்த வாசகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதே விதி. விலக்கை வைத்தே தீர வேண்டும் என்று ஆணையம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பாலிசி வாங்கப் போகிறவர்களுக்கு மிக முக்கியமானது. அதோடு விலக்கு எண் 5-ஐயும் பார்க்க வேண்டும். மறுவாழ்வு, ஓய்வுக்காக அனுமதிப்பது ஆகியவை அதில் வெளியே தள்ளப்படுகின்றன. ஆகவே உடலிலிருந்து நஞ்சை இறக்கும் முதல் ஏழு, பத்து நாள் சிகிச்சைக்கு எண் 12 குறுக்கே நிற்கிறது. அதற்குப் பின் மூன்று நான்கு வாரம் மறுவாழ்வு மையத்தில் இருப்பதற்கு எண் 12-உம் எண் 5-உம் சேர்ந்தே நிற்கின்றன.

மூன்றாவதாக ஒரு தடை இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. பாலிசியின் முதல் பக்கங்களில் 'மருத்துவமனை' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கும். உரிய சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊரில் 10 படுக்கையும் மற்ற இடங்களில் 15 படுக்கையும், இரவும் பகலும் தகுதி பெற்ற செவிலியரும் மருத்துவரும், சொந்தமாக அறுவை அரங்கும் இருக்க வேண்டும். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் இல்லத்துக்கு அறுவை அரங்கு எதற்கு? ஆனால் அது இல்லை என்பதைச் சொல்லியே கிளைமை நிராகரிக்க முடியும். பழைய மெடிகிளைம் பாலிசிகளிலோ, மதுவுக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்கான இடம் மருத்துவமனை ஆகாது என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் படித்து மனம் சோர்ந்திருந்தபோது, வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கும் என் தோழி ஒரு சட்டத்தைப் படிக்கக் கொடுத்தாள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அது 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோய் என்றால் என்ன என்று சொல்லும் அதன் 2-ஆவது பிரிவில், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் மனநோய்தான் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 21-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவோ, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழி செய்ய வேண்டும் என்கிறது. அந்த இரண்டு வரிகளையும் நான் நான்கைந்து முறை திரும்பத் திரும்பப் படித்தேன். குடிகாரன் என்று ஊர் சொல்லும் என் தம்பியை நோயாளி என்று நாடாளுமன்றமே சொல்லியிருக்கிறதே என்று கண்கலங்கினேன்.

இந்தப் பிரிவைப் பின்பற்றுங்கள் என்று ஆணையம் 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2022 அக்டோபரில் மீண்டும் நினைவூட்டியது. இடையில் 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், மனநோய்க்குக் காப்பீட்டுத் தொகையில் மிகச் சிறிய பகுதியை மட்டும் தருவோம் என்ற ஒரு நிறுவனத்தின் நிலையை ஏற்க மறுத்து, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே அந்தக் கடமை தொடங்கிவிட்டது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு குடிநோய் பற்றியது அன்று, வேறொரு மனநோய் பற்றியது. இருந்தாலும் பிரிவு ஒன்றுதான். ஆகவே இன்றைய நிலை இதுதான்: மதுவால் வரும் மனநலக் கோளாறு மனநோய், அதற்குக் காப்பீடு தர வேண்டும் என்கிறது சட்டம். மதுப்பழக்கத்துக்குத் தர மாட்டோம் என்கிறது பாலிசி. இரண்டும் ஒரே தாளில் எப்படி நிற்க முடியும் என்பதுதான் என் கேள்வி. ஆணையம் நினைத்தால் அந்த 12-ஆம் எண்ணை ஒரே சுற்றறிக்கையில் திருத்த முடியும். திருத்த வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மூன்றாம் நாள் இரவு, உதவி எண்ணில் பேசிய பெண் எச்சரித்த சித்தப்பிரமை வந்தது. கடைசியாகக் குடித்து இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் வரக்கூடியது அது. தம்பி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, வெற்றுக் காற்றில் லேத்தின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான். ஒரு கையால் சுற்றுவான், மறு கையால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பீஸைத் தொட்டு அளவு பார்ப்பான், இரும்புச் சீவலை ஊதித் தள்ளுவான். "ஃபோர்மேன் நிக்கிறாருக்கா, தள்ளிப் போ" என்று என்னை விரட்டினான். நான் யார் என்பது தெரிந்தது, எங்கே இருக்கிறோம் என்பது தெரியவில்லை. செவிலியர் உடனே ஊசி போட்டார், ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அரை மணிக்கொரு முறை குறித்துக்கொண்டே இருந்தார். இரண்டு இரவு அப்படிப் போனது. ஐந்தாம் நாள் காலை இட்லி கேட்டான்.

ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். மொத்தச் செலவு 68,000 ரூபாய். முழுவதும் நாங்கள் கட்டியது. அறையை விட்டு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட்டின் நகல், செவிலியர் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள், கேஷ்லெஸ் மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளைம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பணத்தைக் கட்டிவிட்டு, பில்களை வைத்துத் திரும்பப் பெறக் கோருவது வேறு வழி, அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியது அவர்களுடைய பொறுப்பு.

அப்போதுதான் அந்த டிக் குறி என்னை உறுத்தியது. பழக்கத்தை மறைத்து எடுத்த பாலிசி என்று சொல்லி மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டால், பிள்ளைகளின் காப்பீடும் போய்விடுமே என்று பயந்தேன். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நெடுநாள் குடிப்பழக்கத்தை மறைத்து எடுத்த ஒரு மருத்துவ பாலிசியில் கிளைமை மறுத்தது சரியே என்று தீர்ப்புச் சொல்லியிருந்ததையும் படித்திருந்தேன். எங்களுக்கு ஆறுதலாக இருந்தது ஒரே ஒரு விதி. பாலிசி இடைவிடாமல் 60 மாதம் நடந்திருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, தகவலை மறைத்ததைச் சொல்லி கிளைமைக் கேள்வி கேட்க முடியாது. எங்களுக்கு 72 மாதம் முடிந்திருந்தது. ஆனால் நிரந்தர விலக்குகளை இந்த விதி நீக்குவதில்லை, அதனால் எண் 12-உடனான வாதம் அப்படியே இருந்தது. இதைப் படிப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, படிவத்தில் உண்மையை எழுதுங்கள். பிரீமியம் கூடும், சில நிறுவனங்கள் தர மறுக்கவும் செய்யும். ஆனாலும் கல்லீரலோ கணையமோ கெட்டு ஐசியூவில் படுத்திருக்கும் நாளில், மறைத்தது வெளிப்பட்டு எல்லாம் கைவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து மறுவாழ்வு மையம் தேடினோம். இந்தப் பகுதியை எழுதும்போது இன்னும் கை பதறுகிறது. உறவினர் ஒருவர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தபோது, "வண்டி அனுப்புறோம், நாலு பேர் வந்து தூக்கிட்டு வந்துடுவாங்க, மூணு மாசம் நீங்க பார்க்கவே வர வேண்டாம்" என்றார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரே கூடத்தில் ஐம்பது பேருக்கும் மேல் இருந்தார்கள். மனநல மருத்துவர் எப்போது வருவார் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. உரிமச் சான்றைக் காட்டச் சொன்னேன், மறுநாள் வாருங்கள் என்றார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பையன், என் மகன் வயது இருக்கும், உதட்டை மட்டும் அசைத்து 'போன்' என்றான். நான் திரும்பி நடந்துவிட்டேன். அந்தப் பையனுக்காக ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டோமே என்று வருந்தி, இரண்டு நாள் கழித்து மாநில மனநல ஆணையத்துக்கு எழுதிப் போட்டேன்.

அதே 2017 சட்டத்தின்படி, இத்தகைய மையம் எதுவானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் குற்றம். தானாகச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அனுப்ப வேண்டும். உரிய காரணம் இருந்தால் மருத்துவர் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைத்து மதிப்பிடலாம், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் வீட்டாரோடு போனில் பேசக் கூடாது என்பதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே மையத்துக்குப் போனதும் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். அது இல்லாத இடத்தில் காப்பீட்டுப் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் பதிவில்லாத இடத்தின் பில்லை நிறுவனம் ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதைவிடப் பெரியது, அந்த இடத்தில் உங்கள் பிள்ளைக்கு உயிர்ப் பாதுகாப்பு இல்லை.

நம்பிக்கையோடு போகக்கூடிய இடங்களும் நம் ஊரில் இருக்கின்றன. சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை, டிடிகே மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கியது. குடியால் கணவரை இழந்தவர், அந்தத் துயரத்திலிருந்து இதைக் கட்டி எழுப்பினார், 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். நோயாளியோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும் முறையை அங்கே வேராகவே வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதை மீட்புப் பிரிவு இருக்கிறது. தமிழக அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மற்றும் மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் நஞ்சிறக்கும் சிகிச்சை தருவார்கள். இவற்றுக்கு அப்பால், மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. எந்த ஊரில் எது அருகில் இருக்கிறது என்பதை 14446-இல் கேட்டால் சொல்வார்கள்.

இதை முதல் நாளே அறிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன். 'காப்பீடு செல்லுபடியாகும் மருத்துவமனை எது' என்று தேடி, பட்டியலில் பெயர் இருந்த இடத்துக்கு ஓடினேன். அந்த அட்டை அங்கே ஒரு ரூபாய்க்கும் உதவவில்லை. அரசு மருத்துவமனையில் அதே தயாமின், அதே ஊசி, அதே கண்காணிப்பு, அட்டையே கேட்காமல் கிடைத்திருக்கும். முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சையைத் தொடங்குங்கள், காப்பீட்டோடு சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. சிகிச்சை வேண்டும் என்று குடிநோயாளி வாய்திறந்து கேட்கும் நேரம் மிகக் குறுகியது. அப்ரூவலுக்காக இரண்டு நாள் காத்திருந்தால், அந்த இரண்டு நாளில் அவர் மனம் மாறி டாஸ்மாக் வாசலில் நிற்பார். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார், 180 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறுகிறார் என்கிறது. அந்த 180-இல் ஒருவனாக என் தம்பி இருந்தான் என்பதை நினைக்கும்போது, மீதி 179 வீடுகளின் கதவுகள் என் கண்முன் வருகின்றன.

'அருகில்' என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. படுக்கையில் இருப்பது ஒன்பது நாளோ முப்பது நாளோதான். அதன் பிறகு குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோனோ அகாம்ப்ரோசேட்டோ மாத்திரையை மாதக்கணக்கில் தொடர வேண்டும், கல்லீரல் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், ஆலோசகரிடம் வாரந்தோறும் போக வேண்டும், மனைவியும் பெற்றோரும் குடும்ப அமர்வுகளில் உட்கார வேண்டும். தூரத்து ஊரில் பேர்பெற்ற இடத்தில் சேர்த்துவிட்டு வந்தவர்கள் பலர் இந்தப் பின்தொடர்ச்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். பேருந்துக்கே 300 ரூபாயும் ஒரு நாள் கூலியும் போகும் என்றால் யார்தான் போவார்கள்? வெளிநோயாளிச் சிகிச்சைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடையாது, 24 மணி நேரமாவது படுக்கையில் இருந்தால்தான் கிளைம். ஆகவே காப்பீடு முழுமையாகக் கிடைக்கிறவருக்கும்கூட, நோயின் நீண்ட பகுதி சொந்தச் செலவில்தான் ஓடும். அந்தச் செலவைக் குறைப்பது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவர்தான். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணமே இல்லை. மனைவிமார்க்கும் பெற்றோர்க்கும் அல்-அனான் என்று தனிக்குழு இருக்கிறது. தம்பி மனைவி முதன்முறை அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த இரவில், பதினொரு ஆண்டுகளில் தான் தனியாக இல்லை என்று உணர்ந்தது அன்றுதான் என்று என்னிடம் சொன்னாள்.

வேறு வகைக் காப்பீடு உள்ளவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். இஎஸ்ஐ இருப்பவர்கள் தங்கள் மருந்தகத்தில் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள், வேறெங்கும் பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்பது நல்லது. பெரிய கம்பெனிகளில் இருப்பவர்களுக்குக் குழு பாலிசி இருக்கும். தனிநபர் பாலிசியைப் போல அது மாறாதது அன்று. கம்பெனி பேரம் பேசி விலக்குகளை நீக்கிக்கொள்ளலாம். எண் 12 நீக்கப்பட்டிருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள், வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காமல் பாலிசி ஆவணத்தையும் அதன் இணைப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. பாலிசி நகல் கேட்பதற்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். பணத்தைத் திரும்பக் கோரிய கிளைமும் அதே எண்ணைச் சொல்லி மறுக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். 2-ஆவது பிரிவின் வாசகத்தையும் 21(4)-இன் வாசகத்தையும் அப்படியே எடுத்து எழுதினேன். 2018 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டேன். நான் கேட்பது மறுவாழ்வு மையச் செலவை அன்று, சித்தப்பிரமை வந்து உயிர் ஊசலாடிய ஒன்பது நாள் மருத்துவமனைச் சிகிச்சைக்கான செலவை மட்டும்தான் என்று எழுதினேன். இரவு நேரச் செவிலியர் குறிப்புகளின் நகலையும், லேத்தைச் சுற்றிய இரவின் பக்கத்தையும் சேர்த்து இணைத்தேன். பதிலில் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, விலக்கு எண் மட்டும் மறுபடி இருந்தது.

அடுத்த படி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது நிறுவனத்துக்கு வெளியே இருந்து முறையீடுகளை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ அவரிடம் போகலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். அவர் தீர்ப்புச் சொன்னால் நிறுவனம் 30 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. அங்கே முறையீட்டைக் கொடுக்கப் போனபோது, எனக்கு முன்னால் ஒரு பெரியவர் அதே மாதிரி ஒரு கோப்போடு நின்றுகொண்டிருந்தார். மகனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனதாம். கேஸ் ஷீட்டில் 'எப்போதாவது மது அருந்துவார்' என்று யாரோ எழுதிய ஒரே வரியை வைத்துக் கிளைமை மறுத்திருக்கிறார்களாம். மது இல்லாமலும் கல்லீரல் கெடும், அந்த ஒரு வரிக்கு மேல் என்ன மருத்துவ ஆதாரம் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள் என்று சொன்னேன். என் கடிதத்தின் நகலை அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

எங்கள் முறையீட்டின் விசாரணை தேதி இன்னும் வரவில்லை. 68,000 ரூபாயின் பில்கள் மஞ்சள் கோப்பில் இருக்கின்றன. நகையையும் இன்னும் மீட்கவில்லை. தம்பி இடையில் ஒரு முறை, பொங்கலுக்கு மறுநாள் குடித்துவிட்டான். அவனே அக்கம்பக்கத்தார் சொல்வதற்கு முன் வந்து சொன்னான். மறுநாள் காலை எட்டு மணிக்கே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போக முடிந்தது, ஏனென்றால் அந்த மருத்துவமனை எங்கள் தெருவிலிருந்து இருபது நிமிட நடையில் இருக்கிறது. மருந்தின் அளவை மாற்றினார், திட்டவில்லை. வியாழக்கிழமை தோறும் பட்டறையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முதலாளி அனுமதி கொடுத்திருக்கிறார். இந்த வியாழன் ரிவ்யூவுக்கு நானும் உடன் போகிறேன்.